ஆவாரங்காடும் பள்ளிக்கூடமும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்று வட்டாரத்தில் தோல் பதனிடும் டேனரிகள் எழுந்த காலத்தில், அந்தத் தொழிலுக்குத் தோலுக்கு அடுத்தபடியாக வேண்டியிருந்தது ஆவாரம்பட்டை. சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீங்கிய தோல், பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் ஊறி, கடுக்காய்த் தண்ணீரில் நிறம் தெளிந்து வெளியே வந்தது. கடுக்காய் சவ்வாது மலை போன்ற மலைகளிலிருந்து இறங்கியது. பட்டை, கரம்பிலும் ஏரிக்கரையிலும் மஞ்சளாகப் பூத்து நின்ற ஆவாரையிலிருந்து வந்தது. இப்படிப் பதப்பட்ட 'ஈ.ஐ.' (கிழக்கிந்திய) தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைவரை போனது. பட்டைக்காக வெட்டிய ஆவாரை, மழை பெய்ததும் தூரிலிருந்து மறுபடி துளிர்த்தது.

இருபதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்தும் நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலிருந்தும் வந்த வாட்டில் பட்டை ஆவாரையின் இடத்தைப் பிடித்தது. 1972இல் மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை அனுப்புவதைக் குறைத்து, முழுதாக முடித்த தோலையும் தோல்பொருள்களையும் ஏற்றுமதி செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்பின் பட்டைக்குப் பதில் குரோம் உப்பு வேகமாகப் பரவியது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரு நாளுக்குள் அடங்கியது. ஆவாரையைத் தேடி வருவோர் இல்லாமல் போனார்கள். வெட்டு நின்றதே என்று செடி தழைத்திருக்கவேண்டும், நடந்தது வேறு. பயனில்லாத புதர் என்று பெயர் வாங்கிய பின்னர்தான் அது வேரோடு போகத் தொடங்கியது. நெடுஞ்சாலை அகன்றது, கரம்பு மனைகளானது, ஏரிக்கரையில் பொக்லைன் ஏறியது.

இந்தப் பகுதியில் பூச்சிகளின் வாழிடத்தை மீட்க நினைக்கும் மாணவர்கள் முதலில் விசாரிக்கவேண்டியது இந்தச் செடியைத்தான். தொழிலின் வரலாறும் மண்ணின் வரலாறும் ஒன்றாகப் பதிந்திருக்கும் உயிர் இங்கே இதைவிட வேறில்லை.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. பூச்சி தேடி வருவது மகரந்தத்தை. அதுவும் எளிதில் கிடைத்துவிடாது. மகரந்தப் பை நுனியில் ஒரு சிறு துளை மட்டுமே வைத்துக்கொண்டு மூடியிருக்கிறது. ஊரில் கருவண்டு என்று சொல்லப்படும் தச்சுத்தேனீ பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவைக்கிறது. உப்புக்குடுவையைக் குலுக்கியதுபோல் துளை வழியே மகரந்தம் கொட்டுகிறது. பறக்கும்போது எழும் ரீங்காரத்தைவிட அப்போதைய ஒலி கூர்மையானது. செடியருகே சற்று நேரம் நின்றால் காதே பிரித்துச் சொல்லிவிடும். பூவின் நடுவே இருக்கும் குட்டையான தாள்களின் மகரந்தம் வண்டுக்கு உணவு. கீழே நீண்டு வளைந்த தாள்கள் தம் மகரந்தத்தை வண்டின் கை எட்டாத இடத்தில் பூசிவிடுகின்றன. அடுத்த செடிக்குப் போய்ச் சேருவது அந்தப் பங்கு. வயிற்றில் நீலப் பட்டைகள் கொண்ட, மண்ணில் வளை தோண்டி வாழும் சிறு தேனீக்கும் இந்த வித்தை தெரியும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்குத் தெரியாது.

இது தாவரவியல் வகுப்போடு முடிகிற சங்கதி அல்ல. வேலூர் மாவட்டத்தின் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் இல்லாமல் இலை நிறையாது. அந்தக் கத்தரிப்பூவின் மகரந்தப் பையும் நுனித்துளை வைத்ததுதான். கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கவும் கூடும். ஆனால் தேனீ அதிர்த்துப் போன பூவில் காய்ப்பு கூடுகிறது. முருங்கைப் பூவுக்கும் முக்கியமான விருந்தாளி தச்சுத்தேனீதான். கத்தரி வயலில் ஆண்டு முழுவதும் பூ இருப்பதில்லை. வயல் காலியாகக் கிடக்கும் மாதங்களில் அந்தத் தேனீ எதைத் தின்று உயிரோடிருக்கும்? வறட்சியிலும் பூக்கும் ஆவாரை வரப்புக்கு வெளியே நின்றால், உழவர் கண்ணில் படாத அந்தக் கூலியாள் அடுத்த பட்டத்துக்கும் ஊரிலேயே இருப்பார்.

2016இல் உலக நாடுகளின் பல்லுயிர் அறிவியல் மன்றம் மகரந்தச் சேர்க்கை குறித்து ஓர் அறிக்கையை வெளியிட்டது. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் முக்கால் பங்கு, ஓரளவுக்கேனும் பூச்சிகளையும் பறவைகளையும் வௌவால்களையும் நம்பியிருக்கிறது என்றது அது. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை, தேன் சேமிக்காதவை. பள்ளியில் ஒரு தேன்பெட்டி வைத்துவிட்டால் பூச்சிகளைக் காப்பாற்றியாயிற்று என்று எண்ணுவதில் உள்ள குறை இதில் விளங்கும். மண்ணில் வளை தோண்டுகிறவற்றுக்கு உழாத, சிமெண்டு பூசாத மண் வேண்டும். மரத்தைக் குடைகிறவற்றுக்குப் பட்ட மரமும் மூங்கிலும் வேண்டும். அவற்றுக்குப் பெட்டி செய்து கொடுப்பதைவிட இடம் விட்டுக் கொடுப்பதே உதவி.

அந்த இடம் தோல் வட்டாரத்தில் என்ன ஆனது என்பதற்கு நீதிமன்ற ஆவணங்களே சாட்சி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும், கேடு வருமுன் தடுக்கவேண்டும் என்ற இரு கோட்பாடுகளையும் இந்த நாட்டின் சட்டத்துக்குள் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. டேனரிகள் இருக்கும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வுக் கணக்கு அதில் பதிவாகியிருக்கிறது. தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில், வேலூர் மாவட்டத்தில் 29,193 பேர் பாதிக்கப்பட்டதாகக் கணித்தது. 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே பாலாற்றைப் பற்றி விரிவாகப் பேசியது: இழப்பீடு கொடுத்து முடிக்கவேண்டும், கெட்டுப்போன சூழலை மீட்கவேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவேண்டும்.

கிணறுகள் எண்ணப்பட்டன, ஹெக்டேர்கள் எண்ணப்பட்டன, மனிதர்கள் எண்ணப்பட்டார்கள். உப்பேறிய நிலத்தில் பூப்பது நின்றபோது பட்டினியில் போன வண்டுகளுக்கு மனு எழுத யாருமில்லை. இதில் எவரையும் குறைசொல்ல முடியாது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர் முதலில் குடிதண்ணீரைத்தான் கேட்கும். ஆனால் மீட்பு என்ற சொல்லை நீதிமன்றமே பயன்படுத்திவிட்ட பிறகு, அந்தக் கணக்கில் பூச்சிகளையும் சேர்க்கும் வேலை யாருக்காவது விழவேண்டும். அதற்குப் பொருத்தமானவர்கள் மாணவர்கள்.

மிகைச்சொல் என்று தோன்றினால் பக்கத்து மாவட்டத்தைப் பார்க்கலாம். 1989வரை வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அருணாசல மலை பல்லாண்டுக் கால வெட்டாலும் கோடைத் தீயாலும் மொட்டையாகி, உயரமான புல் மட்டுமே மிஞ்சிக் கிடந்தது. 1980களின் இறுதியில் அங்கே காடு மீட்கும் முயற்சி தொடங்கியது. பின்னர் 'தி ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளை அந்த வேலையைக் கையிலெடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டு மரம், புதர், கொடி வகைகள் அதன் நாற்றங்காலில் வளர்கின்றன. 2009இல் அந்த வட்டத்திலிருந்தே மருதம் பண்ணைப் பள்ளி பிறந்தது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குக் காடு பாடத்துக்கு வெளியே இல்லை. மழைக்காலத்தில் கன்றுகளைச் சுமந்துகொண்டு மலை ஏறுகிறார்கள். கோடைக்கு முன் மலையைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது அங்கே ஆண்டுதோறும் நடக்கும் ஊர் வேலை.

மருதத்திடமிருந்து தோல் வட்டாரம் கற்கவேண்டியது மூன்று. முதலாவது, விதை அக்கம்பக்கத்துக் காட்டிலிருந்தே வருகிறது. எங்கோ வளர்த்த கன்றை லாரியில் இறக்கி நட்டால் பசுமை தெரியும். அந்த மண்ணின் பூச்சிக்கு அந்த இலை உணவாகுமா என்பது தனிக் கேள்வி. இரண்டாவது, நட்டதைக் காப்பதற்கு நடுவதைவிடப் பெரிய உழைப்பு தேவை. மூன்றாவது, இது ஒருநாள் விழாவாக இல்லாமல் ஆண்டுச் சுழற்சியாக நடக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை விட்டுப்போகும் இடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை நிற்கிறது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இதற்கு வேண்டிய மனிதர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951இல். அரசுப் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை இருக்கிறது, கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. மாணவர்களில் பலரின் தாய்மார்கள் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். தொழிலை வெறுத்துக்கொண்டு இந்த மண்ணை மீட்க முடியாது என்பது அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. வீட்டுச் சோறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள்.

எங்கே நடுவது? தனியாக நிலம் தேட வேண்டாம். பள்ளியின் பின்சுவர் ஓரம், ஏரிக்கரை, கபரஸ்தான், சுடுகாட்டுப் பாதை, கல்லறைத் தோட்டம், தண்டவாள ஓரம், கோயில் நந்தவனம் என்று ஊருக்குள் சிதறிய துண்டு நிலங்கள் போதும். சிறு தேனீக்கள் கூட்டைவிட்டுச் சில நூறு மீட்டருக்குமேல் போவதில்லை. அவற்றுக்கு ஊருக்கு வெளியே பத்து ஏக்கர் காட்டைவிட, தெருவுக்கொரு பூத்த புதர் பயன்படும். செலவும் குறைவு, காவலும் எளிது.

எதை நடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். உப்பு ஏறிய மண்ணுக்குப் புங்கமும் உகாயும் தாங்கும். ஆற்றோரத்துக்கு நொச்சி. வறண்ட மேட்டுக்கு ஆவாரை, இலந்தை, கொன்றை. இவற்றின் அடியில் தும்பை, சிறுபீளை, நெருஞ்சி, கிலுகிலுப்பை போன்ற பூண்டுகள் தாமாக வந்தால் பிடுங்காமல் விடவேண்டும். வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பந்தி அங்கேதான். பூ மட்டும் இருந்தால் போதாது, புழு தின்ன இலையும் வேண்டும். எருக்கை வெட்டிய ஊரில் வெந்தய வரியன் முட்டையிட இடமில்லாமல் போகும். ஆடுதின்னாப்பாளை இல்லாத இடத்தில் சிவந்த உடல் கொண்ட அழகி இனங்கள் தலைமுறை தொடராது. கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் கொல்லையில் வைத்திருக்கும் வீடுகள் தெரியாமலே எலுமிச்சை அழகியை வளர்த்துக்கொண்டிருக்கின்றன. கொன்றையும் ஆவாரையும் இருந்தால், அவற்றின் இலையைத் தின்று வளரும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் மழைக்குப்பின் கூட்டமாகத் தெருவைக் கடக்கும்.

ஆவாரை விதையின் தோல் கெட்டியானது. மணலோடு சேர்த்துத் தேய்த்தோ வெந்நீரில் ஊறவைத்தோ விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். ஆடுமாடு அதிகம் சீண்டாத செடி என்பதால் வேலி போடும் செலவும் இல்லை. கழிவு கொட்டிய இடம் என்று சந்தேகம் இருந்தால் மண்ணைச் சோதிக்காமல் கீரையோ காயோ அங்கே விதைக்கக் கூடாது. பூச்சிகளுக்கான நிலத்தையும் பிள்ளைகள் சாப்பிடும் தோட்டத்தையும் தனித்தனியே வைப்பது பொறுப்பான செயல்.

சீமைக் கருவேலத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேசவேண்டும். பாலாற்றுப் படுகையை அது மூடிக் கிடக்கிறது, அகற்றவேண்டியதுதான். தமிழ்நாடு அரசும் 2022இல் அந்நிய ஊடுருவல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்கக் கொள்கை வகுத்திருக்கிறது. ஆனால் வேறு எதுவும் பூக்காத நிலத்தில் தேனீக்களுக்கு அந்த மரத்தின் பூதான் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே வாரத்தில் பொக்லைன் வைத்துத் துடைத்தெடுத்தால் முள்ளோடு சேர்ந்து உணவும் போகும். முதலில் ஓரத்தில் நொச்சியும் ஆவாரையும் பூக்கட்டும், பிறகு துண்டு துண்டாகக் கருவேலம் போகட்டும். இந்தப் பொறுமை ஒப்பந்தக்காரருக்கு வராது. மூன்றாண்டு அதே பள்ளியில் படிக்கப்போகும் பிள்ளைக்கு வரும்.

நடுவதைவிட மாணவர்கள் நன்றாகச் செய்யக்கூடியது பார்ப்பது. பிரிட்டனில் பொதுமக்கள் பங்கேற்கும் ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. அரை மீட்டர் சதுரத்துக்குள் பூத்த செடி ஒன்றைப் பத்து நிமிடம் பார்த்து, வந்து உட்காரும் பூச்சிகளை வகைப்படுத்தி எண்ணவேண்டும். இனத்தின் அறிவியல் பெயர் தெரிந்திருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கேரளப் பள்ளிப் பிள்ளைகள் 'சீசன்வாட்ச்' திட்டத்தில் தங்கள் ஊர் மரம் எப்போது துளிர்க்கிறது, எப்போது பூக்கிறது என்று வாரந்தோறும் பதிகிறார்கள். 2020 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்தியா முழுவதும் வண்ணத்துப்பூச்சி மாதம் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழ்நாட்டு ஆர்வலர்கள் வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் சூட்டியிருக்கிறார்கள். 2019இல் தமிழ் மறவன் மாநில வண்ணத்துப்பூச்சியானது. கருவியும் பெயர்களும் தயாராக இருக்கின்றன. ஒரு நோட்டும் கைக்கடிகாரமும் இருந்தால் ஆம்பூர்ப் பள்ளி ஒன்று அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம். டேனரிக்கு அருகில் ஒரு செடி, ஏரிக்கரையில் ஒரு செடி, மலையடிவாரத்தில் ஒரு செடி: மூன்றிலும் ஒரே நேரத்தில் எண்ணினால், ஆண்டு முடிவில் அந்த ஊரின் நிலத்தைப் பற்றி இதுவரை எந்தக் கோப்பிலும் இல்லாத தகவல் அந்தப் பிள்ளைகளின் கையில் இருக்கும்.

நோட்டில் எழுதியது ஊருக்குப் போய்ச் சேரவும் வேண்டும். ஏரிக்கரைப் புதர்களை வெட்டுவது பெரும்பாலும் நூறு நாள் வேலையில்தான் நடந்துவந்திருக்கிறது. வெட்டுகிற பெண்களிடம் தீமை ஏதுமில்லை. சுத்தம் செய் என்று சொன்னதைச் செய்கிறார்கள். அதே திட்டத்தில் வேலூர் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து நாகநதிக்குச் செறிவூட்டுக் கிணறுகள் வெட்டி, வறண்ட ஊர்களின் நிலத்தடி நீரை உயர்த்திக் காட்டியவர்கள். அவர்களிடம் பிள்ளைகள் போய், இந்தப் புதரில் இன்ன வண்டு வருகிறது, இது உன் கத்தரிக்கொல்லைக்கு வரும் வண்டுதான் அத்தை, பூ உதிரும்வரை இதை விட்டுவை என்று சொன்னால் கேட்பார்கள். பேத்தியின் சொல்லுக்கு ஊரில் இருக்கும் மதிப்பு எந்த விழிப்புணர்வுப் பதாகைக்கும் இல்லை. போகியன்று கூரையில் செருக ஆவாரம்பூவும் சிறுபீளையும் தேடிச் சந்தைக்குப் போகிற பாட்டிகளுக்கு, அந்தச் செடிகள் முன்பு எந்தக் கரையில் நின்றன என்பது இன்னும் நினைவிருக்கிறது. பழைய இடங்களின் வரைபடத்தை அவர்களிடம்தான் கேட்டு வரையவேண்டும். குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் ஒன்றாக ஆவிரையைப் படிக்கிற மாணவி, அது தன் ஊரில் எந்தச் சர்வே எண்ணில் பூத்தது என்றும் தெரிந்துகொள்ளட்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 இந்தப் பேச்சுக்குப் பொருத்தமான நாள். பள்ளி மாணவர்கள் அங்கே வைக்கவேண்டிய கோரிக்கைகள் நான்கு. ஏரிக்கரையில் எந்தப் பகுதியை வெட்டாமல் விடுவது என்று அளந்து குறிக்கவேண்டும். பூக்கும் மாதங்களில் புதர் வெட்டும் வேலையைத் தள்ளிவைக்கவேண்டும். ஊராட்சி நாற்றங்காலில் ஆவாரை, நொச்சி, புங்கம், உகாய்க் கன்றுகளுக்கு இடம் ஒதுக்கவேண்டும். மாணவர்களின் பூச்சிக் கணக்கைத் தீர்மானத்தோடு இணைத்து, பாலாற்று மீட்பைக் கண்காணிக்கும் குழுவின் பார்வைக்கு அனுப்பவேண்டும். சூழலை மீட்கச் சொன்ன நீதிமன்றம், மீட்பு நடக்கிறதா என்று ஒருநாள் சான்று கேட்கும். அப்போது மேசைமேல் வைக்கப்படும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகளுக்குப் பக்கத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கையெழுத்தில் தேதி, நேரம், செடி, வந்த வண்டு என்று வரிசையாக நிரப்பிய அந்த நோட்டும் இருக்கவேண்டும்.